குரல் கேட்காமல் பெயர் வாசிக்காதவள்

தேனி எடமால் தெருவில் ஞானசிகாமணி அடுப்பு, குக்கர் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். வாஷர் வாங்க வருகிறவர் கொண்டுவந்த பழைய வாஷரை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, "இது எங்க கடையில வாங்குனதா?" என்று கேட்ட பிறகுதான் புதியதை எடுப்பார். அவருடைய மூத்த மகள் எப்சிபா ஹிப்-ஹாப் நிகழ்ச்சி நடத்துகிறவளாக எப்படி ஆனாள் என்பது சொந்தக்காரர்களுக்கு இன்னும் விளங்கவில்லை. ஆனால் அவள் அதை நடத்துகிற விதம் எங்கிருந்து வந்தது என்பதில் யாருக்கும் குழப்பம் கிடையாது.

பி.காம். முடித்த வருடமே சண்முகராஜ் நடத்திய கேபிள் சானலில் அவளுக்கு வேலை கிடைத்தது. காலையில் பிறந்தநாள் வாழ்த்து, மாலையில் கண்ணீர் அஞ்சலி. முகம் வராது. கேக் படத்துக்கோ ரோஜாப்பூப் படத்துக்கோ பின்னால் குரல் மட்டும் வரும். "ரெண்டையும் ஒரே மாதிரி வாசிக்கிறியே எப்சி, பொறந்தவனுக்கும் போனவனுக்கும் வித்தியாசம் வேண்டாமா?" என்று சண்முகராஜ் குறைப்பட்டதுண்டு. போட்டோ கொடுக்க வருகிறவரிடம், "இறந்தது உறுதிதான? யாரு போயிப் பாத்தது?" என்று அவள் கேட்டு வைத்ததில் இரண்டு குடும்பங்கள் கோபித்துக்கொண்டு வேறு சானலுக்குப் போயின.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி சானலில் செத்த நேரம். பாதி ஊர் கறிக்கடையில் நிற்கும், எப்சிபாவின் ஆட்கள் ஆலயத்தில் இருப்பார்கள். எதைப் போட்டாலும் விளம்பரம் வராது. சின்னமனூர்ப் பையன்கள் மூன்று பேர் ஆற்றுப் பாலத்தில் நின்றுகொண்டு, டவுன் பஸ் படியில் தொங்கிப்போவதைப் பற்றி அடுக்கடுக்காகப் பேசிப் பாடிய வீடியோ ஒன்று 2014-இல் அவளிடம் வந்தது.

"அண்ணே, இத அந்த நேரத்துல போடுவமா?"

சண்முகராஜ் முழுசாகப் பார்த்தார். "இது பாட்டா, சண்டையா?"

"சண்டை மாதிரி இருக்குற பாட்டு."

"கேசு வராதுல்ல?"

அப்படித்தான் 'பதினாறு வரி' ஆரம்பித்தது. ராப் பாட்டில் ஒருவர் தம் பங்குக்குப் பாடுவது பதினாறு வரி என்று பையன்கள் சொன்னதைப் பெயராக வைத்தாள். முதல்முறையாகக் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்தாள், காட்டன் சேலையும் கண்ணாடியுமாக. பையன்கள் தொப்பியும் தடிச் சங்கிலியும் போட்டு எதிரே உட்கார்ந்தார்கள். பார்க்கிறவர்களுக்குப் பெற்றோர் ஆசிரியர் கூட்டம் மாதிரி இருந்தது. அதற்காகவே பார்த்தார்கள். காலை ஆறு மணி ஆராதனைக்கே ஆலயம் போய் வந்துவிடுவாள். மோட்டார் பம்பு விற்கும் வினோத்ராஜ் பெண் பார்க்க வந்தபோது ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் படித்தவள் அவள். அதற்கு அன்றைக்கே பழகிக்கொண்டுதான் அவர் அவளைக் கட்டிக்கொண்டார்.

இரண்டு வருடம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு உத்தமபாளையத்துப் பையன் ஒருவன் தன்னுடையது என்று கொடுத்த பாட்டு, மலேசியாவில் யாரோ பாடியது என்று வக்கீல் நோட்டீஸ் வந்தது. சண்முகராஜ் மன்னிப்புக் கேட்டு எழுதிக்கொடுத்தார். அதிலிருந்து எப்சிபா ஒரு முறை வைத்தாள். பாட்டுக் கொண்டுவருகிறவன் இசை இல்லாமல், எதிரே நின்று, இரண்டு தடவை சொல்லிக்காட்ட வேண்டும். இரண்டாவது தடவை நடுவில் நிறுத்தி, "இந்த வரிய ஏன் இப்படி எழுதுன?" என்று கேட்பாள். எழுதியவனுக்குப் பதில் இருக்கும். திருடியவன் தண்ணீர் கேட்பான். வட்டாரத்தில் அவளுக்குப் 'போலீஸ் அக்கா' என்று பெயர் விழுந்தது.

2019-இல் ஒரு கல்லூரி நடத்தும் சமுதாய வானொலியில் திங்கள் முதல் வெள்ளி வரை மூன்று மணியிலிருந்து நான்கு மணி வரை கொடுத்தார்கள். இந்தப் பக்கம் வடுகபட்டி, அந்தப் பக்கம் போடி வரைக்கும் இழுத்துப் பிடித்தால் கேட்கும். அதில் 'பேர் சொல்லு' என்று ஒரு பகுதி. நேயர்கள் வாட்ஸ்அப்பில் பெயரும் ஊரும் ஒரு வரியும் அனுப்புவார்கள், அவள் தாளத்தோடு வாசிப்பாள். ஆரம்பித்த மூன்றாம் மாதம், ஒரு வாத்தியார் பெயரில் எவனோ ஒரு பெண்ணுக்கு வாழ்த்து அனுப்ப, அவள் வாசித்துவிட, பழனிசெட்டிபட்டி டீக்கடையில் இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. அன்றோடு அடுத்த முறை வந்தது. எழுத்தில் வந்தால் வாசிக்க மாட்டாள். அனுப்புகிறவர் சொந்தக் குரலில் பதிவுசெய்து அனுப்ப வேண்டும். குரல் கேட்காமல் அவள் வாயிலிருந்து ஒரு பெயர் வெளியே வராது.

போன மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தபோது வானொலி வாசலில் ஒருவன் நின்றிருந்தான். முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். கையில் தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களை ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தான்.

"போடியில இருந்து வாறேன் மேடம். பேரு லிங்கேஸ்வரன். ஜீப் ஓட்டுறேன்."

தாள்களைப் பார்த்து அவள், "பாட்டு எழுதுவீகளா தம்பி?" என்றாள்.

"எழுதுனது நான். சொன்னது நீங்க."

பதினோரு தாள். பதினொன்றும் வியாழக்கிழமை. ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் 'பிச்சைமணி, வடுகபட்டி' என்று எழுதி, அடியில் ஒரு வரி. 'செவலைக்கு ரெண்டு, ரெண்டும் பொட்டை.' 'மேக்கால தண்ணி வந்துருச்சு.' 'கம்மல் பத்திரமா இருக்கு.' 'வெள்ளிக்கிழமை வேண்டாம், ஞாயித்துக்கிழமை வச்சுக்கிருவோம்.'

எப்சிபாவுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. 'செவலைக்கு ரெண்டு' என்பதை அவள் வானொலியில் மூன்று தடவை தாளம் போட்டுச் சொல்லி, "யாரு சாமி நீ, என்னா வரி!" என்று பாராட்டியிருந்தாள். அடுத்த வாரம் கம்பத்துப் பையன்கள் அதைப் பாட்டிலேயே சேர்த்துவிட்டார்கள்.

"இந்தப் பிச்சைமணி யாரு?" என்றான் லிங்கேஸ்வரன்.

"நேயர்."

"யாருக்குச் சொல்றாரு?"

"பொதுவாச் சொல்றது தம்பி. எல்லாருந்தான் சொல்றாக."

"மத்தவுகளெல்லாம் கெத்து, மாஸுன்னு சொல்றாக. இந்த ஆளு மட்டும் கம்மலுங்குறாரு, ஞாயித்துக்கிழமைங்குறாரு."

பிறகு அவனாகவே சொன்னான். அவன் மனைவி பாண்டீஸ்வரிக்குப் பிறந்த ஊர் வடுகபட்டி. போடியில் ஒரு குடோனில், அங்கே கிட்டங்கி என்பார்கள், ஏலக்காய் தரம் பிரிக்கிறாள். மூன்று மணிக்கு அங்கே இந்த வானொலிதான் ஓடும்.

"மத்த நாளு தல நிமிராம வேல பாக்குறவ, வியாழக்கிழம இந்த ஆளு பேரச் சொன்னதும் கை நின்னுருதாம். மேஸ்திரியம்மா எங்கிட்டயே சொல்லிச் சிரிக்கிது, ‘உம் பொண்டாட்டிக்கு வியாழக்கிழமன்னா காது நீண்டுருது’ன்னு. போயி ஜன்னல் வழியாப் பாத்தேன். சிரிக்கிறாக்கா. வீட்டுல அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல."

"அவுககிட்டயே கேட்டா என்ன?"

"கேட்டேன். பாட்டக் கேட்டுச் சிரிச்சேங்குறா. அந்தப் பாட்ட நானும் கேட்டேன். அதுல சிரிக்க ஒண்ணுமில்ல."

"அவுக போன்ல பாத்தீகளா?"

"அவளுக்குப் போன் கெடையாது. தேவையில்ல." நல்ல பழக்கம் ஒன்றைச் சொல்வது போலச் சொன்னான். "எந்நம்பரப் பதிஞ்சுக்கங்க, வர்ற புதன்கிழமை வாறேன். யாருன்னு நீங்க சொல்லணும். குரல் கேட்டுத்தான் பேரு வாசிப்பீகளாம்ல, ஊரே சொல்லுது. அப்ப உங்களுக்குத் தெரியும். சொல்லலைன்னா அவளக் கொண்டுபோயி வடுகபட்டியில விட்டுருவேன். பொம்பளப் பிள்ளை மூணு வயசு. பிள்ளைய நான் வச்சுக்கிருவேன்."

மிரட்டுகிற குரல் இல்லை அது. பஸ் நேரம் சொல்லுகிற குரல். அதுதான் எப்சிபாவை உறுத்தியது.

முதலில் அவள் சந்தேகப்பட்டது லிங்கேஸ்வரனைத்தான். இப்படி ஒருவன் உண்மையிலேயே இருக்கிறானா, இல்லை எவனாவது அனுப்பி வைத்த ஆளா? போடியில் அவள் அப்பாவிடம் சரக்கு வாங்கிய பாத்திரக் கடைக்காரருக்குப் போன் போட்டு விசாரித்தாள். ஆள் உண்டு, குடிக்க மாட்டான், கையை ஓங்குகிறவன் இல்லை, ஆனால் ஜீப்பில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று காலையும் மாலையும் எழுதி வைக்கிறவன் என்று அவர் சொன்னார்.

சனிக்கிழமை சமையலை முடித்துவிட்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பழைய பதிவுகளைத் தேடினாள். பதினொன்றும் இருந்தன. கரகரத்த ஆண் குரல். ஐம்பது வயதுக்குக் குறையாது. பின்னால் மண்டியில் ஏலம் கூவும் சத்தம். பெயரையும் ஊரையும் வரியையும் குறித்துக்கொண்டதும் பதிவை நிறுத்திவிடுவது அவள் வழக்கம். இப்போது கடைசி வரை ஓட விட்டாள்.

"வினோத், இங்க வாங்க. இதக் கேளுங்க."

வினோத்ராஜ் ஒரு காதில் வைத்துக் கேட்டார். "பக்கத்துல யாரோ சொல்லிக் குடுக்குறாக."

உண்மைதான். ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் ஒரு பெண் குரல் மெல்லச் சொன்னது. இவர் பள்ளிக்கூடப் பிள்ளை போல ஒப்பித்தார். மூன்றாவது பதிவு நாற்பத்தெட்டு வினாடி நீண்டது. சொல்லி முடித்த பிறகு பதிவை நிறுத்த மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. அந்தப் பெண் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள், ஏலச் சத்தத்தில் பாதி வார்த்தை பிடிபடவில்லை.

"பொம்பள சொல்லி ஆம்பள பேசுறான்னா, இது காதல் மாதிரி தெரியலயே எப்சி."

"காதல்னா எப்படி இருக்கும்னு உங்களுக்கு என்ன தெரியும்? அந்த வீட்டு விசயம் தெரிஞ்ச ஆளு யாரோ, அந்தப் பிள்ளைய மாட்டிவிடக்கூட இப்படிச் செய்யலாம்ல?"

"நீ போலீசு வேலைக்குப் போயிருக்கணும்" என்று சொல்லிவிட்டு அவர் ஹெட்போனைத் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வடுகபட்டியில் பூண்டுச் சந்தை. அந்த வாரத்து டி.வி. நிகழ்ச்சி ஏற்கெனவே பதிவுசெய்ததுதான். ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறினாள். பெயரைச் சொன்னதும் மண்டியில் கை காட்டினார்கள். பிச்சைமணி எடை போடுகிறவர். வெள்ளை மீசை, தலையில் துண்டு.

"நீங்க ராப் பாட்டு கேப்பீகளா?" என்றாள் எப்சிபா.

அவர் மேலும் கீழும் பார்த்தார். "எந்த ஆபீசு நீங்க?"

"ரேடியோ. நீங்க வாராவாரம் பேரு அனுப்புறீகளே, அத வாசிக்கிறவ."

அவர் முகம் ஒரு நொடி மலர்ந்து, உடனே சுருங்கிக்கொண்டது. "அது நானில்ல."

"உங்க குரலுதான் இது."

"குரலு என்னுது. சேதி என்னுதில்ல. என்னைய விட்டுருங்க தாயி, எனக்கு நாலு பேரப்பிள்ளைக." சொல்லிக்கொண்டே கண்ணை மட்டும் வலப்பக்கம் திருப்பினார்.

அங்கே பூண்டுக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்து காய்ந்த தாளை நறுக்கிக்கொண்டிருந்த பெண்ணுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். பெயர் மொக்கம்மாள். எப்சிபா பக்கத்தில் போய் உட்கார்ந்து பாண்டீஸ்வரி பெயரைச் சொன்னதும், கத்தி நிற்காமல், "எனக்கு அப்படி ஆளு யாரையும் தெரியாது" என்றாள்.

குரல் போதுமாக இருந்தது. அதே மெல்லிய குரல்.

"நீங்க அவுக அம்மாவா?"

"போடியில இருந்து அனுப்பிச்சாகளா உன்னைய?"

"யாரும் அனுப்பல. நான் எப்சிபா. மூணு மணிக்கு..."

"எப்சிபான்னு நீ சொன்னா ஆச்சா? அந்தப் பிள்ளை பாட்டு மாதிரியில்ல பேசும். நீ தாசில்தாரு மாதிரி பேசுற."

வேறு வழியில்லை. சந்தைக்கு நடுவே, பூண்டுச் சாக்குகளுக்கு மத்தியில், எப்சிபா தொடையில் தாளம் தட்டி, 'பேர் சொல்லு' பகுதியின் தொடக்க வரிகளை இசை இல்லாமல் சொல்லிக்காட்டினாள். எத்தனையோ பையன்களை நிற்க வைத்துக் கேட்டவள். சுற்றியிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மொக்கம்மாள் சிரிக்கவில்லை. "இன்னொரு மட்டம் சொல்லு" என்றாள். இரண்டாவது தடவையும் கேட்ட பிறகுதான் கத்தியைக் கீழே வைத்தாள்.

பாண்டீஸ்வரி ஒரே மகள். அவளுக்குக் கூடப் பிறந்தவன் இல்லை. பேத்திக்குக் காதுகுத்து வைத்தபோது, மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைக்க வேண்டுமே என்று மொக்கம்மாள் ஒன்றுவிட்ட அக்கா மகனை அழைத்துப் போயிருந்தாள். லிங்கேஸ்வரனின் அம்மா மண்டபத்தில் எல்லார் முன்னாலும், "மாமனக் கூலிக்குப் பிடிச்சாந்திருக்காக" என்று சொல்லிவிட்டாள். லிங்கேஸ்வரன் கேட்டுக்கொண்டு சும்மா நின்றான். மொக்கம்மாள் வாசலில் நின்று மருமகனைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, சீர்த்தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். இரண்டு வருடமாகப் போக்குவரத்து இல்லை, பேச்சும் இல்லை. போன கார்த்திகையில், கிட்டங்கியில் கூட வேலை பார்க்கும் ஜெயமங்கலத்துப் பெண் மூலமாக மகள் சொல்லி அனுப்பினாள்: மூன்று மணிக்கு ஒரு ரேடியோவில் பேர் வாசிக்கிறார்கள், வீட்டுச் சேதி எதையாவது அதில் சொல்லு, கேட்டுக்கொள்கிறேன் என்று.

"எங்குரலு வந்தா கண்டுபிடிச்சிருவான். அதான் இவரு வாயால."

"செவலைக்கு ரெண்டுன்னா?"

"செவல ஆடு ஆத்தா. ரெண்டு குட்டி போட்டுச்சு. எம்பிள்ள கையால வளத்த ஆடு." மொக்கம்மாள் எப்சிபாவை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ அத என்னமோன்னு நெனச்சுப் பாடுபாடுன்னு பாடுன. நான் இவருகிட்டச் சொன்னேன், ஆடு குட்டி போட்டதுக்கு இந்தப் பிள்ளை ஏன் இம்புட்டு ஆடுதுன்னு."

கடைத்தெருவில் பிறந்து ஆட்டைக் கறியாக மட்டுமே பார்த்திருந்த எப்சிபாவுக்குக் காது சூடானது. கம்மல், மகளுடையது, எடுத்து வைத்திருக்கிறாள். மேற்கே கிணற்றில் தண்ணீர் வந்தது. வெள்ளிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை என்றது மொக்கம்மாளின் கண் ஆபரேஷனுக்கு நாள் பார்த்தது. அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொரு தாளும் விளங்கியது.

பிறகு எப்சிபா, லிங்கேஸ்வரன் வந்ததையும் கேட்டதையும் சொன்னாள்.

"சொல்லாத" என்றாள் மொக்கம்மாள் உடனே. "சொன்னா ரேடியோவையும் நிப்பாட்டிருவான்."

"சொல்லலைன்னா மகள இங்க கொண்டாந்து விட்டுருவாராம். பிள்ளைய அவரு வச்சுக்கிருவாராம்."

 மொக்கம்மாள் கத்தியை எடுத்து ஒரு பூண்டை நறுக்கினாள். "அப்பச் சொல்லு. ஆனா நீ வாயால சொன்னா நம்ப மாட்டான். நானே போயிச் சொன்னாலும் நம்ப மாட்டான்."

புதன்கிழமை சொன்னபடியே லிங்கேஸ்வரன் வந்தான். எப்சிபா அவனைப் பதிவறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போனைக் கொடுத்தாள். "பேசுறது மண்டியில எடை போடுற பெரியவரு. பின்னால சொல்லிக் குடுக்குறது உங்க அத்தை" என்றாள். முதல் பதிவைக் கேட்டான். இரண்டாவதைக் கேட்டான்.

"பொம்பளக் குரலு இருக்கு. அதுக்கு? எங்க அத்தைன்னு நான் எப்படி நம்புறது? அந்த ஆளும் நீங்களும் சேந்து இப்பப் பதிஞ்சிருக்கலாம்ல?"

"தேதியப் பாருங்க."

"தேதிய மாத்தலாம். எனக்குத் தெரியும், பையங்க மாத்துறாங்க."

அவளாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பாள். மூன்றாவது பதிவைப் போட்டாள். பிச்சைமணி ஒப்பித்து முடித்தார். பிறகு மொக்கம்மாளின் குரல், மெல்லச் சொல்வதை விட்டுவிட்டுச் சொந்தச் சத்தத்தில் வந்தது: "இந்தக் கூத்தெல்லாம் எதுக்கு? மருமகன்னு ஒருத்தன் வாச்சிருக்கான் பாரு, கொட்டாவி விட்டாக்கூட எண்ணிப் பாத்து விடுற பய. அவங்கிட்ட எம்பிள்ள எப்படித்தான் காலம் தள்ளுதோ!"

லிங்கேஸ்வரன் ஹெட்போனைக் கழற்றவில்லை. "திருப்பிப் போடுங்க" என்றான். மறுபடியும் கேட்டான்.

"இது அத்தைதான்" என்றான். "மண்டப வாசல்ல வச்சு இதே வார்த்தையத்தான் சொன்னாக. எங்க சித்தப்பாருக, கிட்டங்கி ஓனரு, எல்லாரும் இருந்தாக. வேற யாருக்கும் இப்படி வராது."

முகத்தில் நிம்மதியும் அவமானமும் ஒரே நேரத்தில் வந்து, எதை முதலில் காட்டுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தான்.

"அவுக மேல தப்பு இல்லைன்னு தெரிஞ்சுபோச்சுல்ல?"

"தெரிஞ்சுச்சு." எழுந்தான். "நான் இங்கன வந்தத யாருகிட்டயும் சொல்லிறாதீக்கா. ஆடு குட்டி போட்ட சேதியக் கேட்டுப் பொண்டாட்டியச் சந்தேகப்பட்டான்னு ஆயிரும்."

போய்விட்டான். மறுநாள் வியாழக்கிழமை வடுகபட்டியிலிருந்து எதுவும் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. எப்சிபாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வெளியே வெட்கப்பட்டுக் காட்டிவிட்டு உள்ளே போய் வேறு மாதிரி நடந்துகொண்டானோ? பிச்சைமணிக்குப் போன் போட்டாள். "அந்தம்மா சேதி சொல்ல வரல தாயி. வேலைக்கு மட்டும் வருது. நான் எதுவும் கேட்டுக்கிறல" என்றார். சமையலில் உப்பு இரண்டு நாள் தப்பியது. வினோத்ராஜ் மோரை ஊற்றிக்கொண்டார்.

பங்குனி நடுவில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பெண் குரல்.

"அக்கா, நான் பாண்டீஸ்வரி. ஜெயமங்கலத்துக்காரி போன்ல இருந்து பேசுறேன், மேஸ்திரியம்மா இப்பத்தான் வெளிய போச்சு."

எப்சிபா பாண்டீஸ்வரியைப் பார்த்ததில்லை. குரலும் கேட்டதில்லை. "சொல்லும்மா" என்றாள், எதற்கும் பிடி கொடுக்காமல்.

"எனக்குப் பட்டன் போன் வாங்கிக் குடுத்திருக்காக. அம்மாகிட்டப் பேசுன்னாக."

"நல்லதுதானம்மா."

"ஸ்பீக்கர்ல போட்டுப் பக்கத்துல உக்காந்துக்கிறாக. கண்ணு வலிக்குதாம்மான்னு நான் கேட்டா, மாப்ள சாப்பிட்டாகளாங்குது. ஆடு எப்படியிருக்குன்னு கேட்டா, மாப்ளைக்குச் சளி தேவலையாங்குது. அது திட்டாமப் பேசி நான் கேட்டதேயில்ல. எனக்குப் பயமா இருக்குக்கா. சாயங்காலம் எத்தன நிமிசம் பேசுனோம்னு எடுத்துப் பாக்குறாக." மூச்சு விட்டாள். "நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீக. எம்பிள்ள எங்கிட்ட இருக்கு. அதுக்கு நான் கும்பிடுறேன். ஆனா முன்னால அம்மா எங்கூட மட்டும் பேசுச்சு. இருவது பொம்பளைக நடுவுல, எனக்கு மட்டும்."

"நான் என்ன செய்யணும்?"

"வியாழக்கிழம வேற பேர்ல ஒண்ணு வரும். எழுத்துலதான் வரும். குரலு கேக்காதீக. பிச்சைமணி அய்யா பயந்துட்டாக, வேற ஆளு இல்ல."

எப்சிபாவின் மூளை வழக்கம்போல ஓடியது. இது பாண்டீஸ்வரிதானா? லிங்கேஸ்வரனே ஒரு பெண்ணைப் பேச வைத்து, இவள் வாசிக்கிறாளா என்று பார்க்கலாம். வாசித்தால், மறுபடியும் காலண்டர் தாளோடு வருவான். இந்தத் தடவை பதிவுக்கு எங்கே போவாள்?

"நீ பாண்டீஸ்வரிதான்னு நான் எப்படிம்மா நம்புறது?"

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. "நம்பாதீக்கா. வாசிச்சா மட்டும் போதும்."

அந்த வியாழக்கிழமை மூன்று இருபதுக்கு வந்தது. புது எண். 'அம்மாவாசி, ஜெயமங்கலம். தட்டாம்பயறு காய வச்சிருக்கு, குடுத்துவிட ஆளு இல்ல.' குரல் இல்லை. எழுத்து மட்டும்.

பீட் ஓடிக்கொண்டிருந்தது. வரிசையில் அதற்கு முன்னால் ஆறு பெயர். எல்லாம் குரலோடு வந்தவை. ஆறையும் வாசித்தாள். ஏழாவதில் ஒரு சுற்றுத் தாளம் சும்மா போனது. பிறகு, அம்மாவாசி, ஜெயமங்கலம் என்று தொடங்கி, ஏற்றமும் இல்லாமல், இரண்டாம் தடவையும் சொல்லாமல், தட்டாம்பயறை வாசித்துவிட்டுப் பாட்டைப் போட்டாள்.

பாட்டு ஒரு நிமிடம்கூட ஓடியிருக்காது. கைபேசியில் லிங்கேஸ்வரன் பெயர் எரிந்தது.

"சொல்லுங்க தம்பி."

"அக்கா, அந்த அம்மாவாசி யாரு?"

"நேயர்."

"குரலு அனுப்பிருக்காரா?"

"அனுப்பாம நான் வாசிப்பேனா?"

"ஆம்பளக் குரலா, பொம்பளக் குரலா?"

ஆண் என்றால் ஒரு வழி, பெண் என்றால் இன்னொரு வழி. இரண்டும் பாண்டீஸ்வரி வீட்டில் போய்த்தான் முடியும். "சின்னப்பிள்ளைக் குரலு. ஏழாவது படிக்குது. அம்மாவாசி அவுக தாத்தா பேராம், தாத்தா பேரச் சொல்லுங்கன்னு அனுப்பிருக்கு."

"மூணு மணிக்குப் பள்ளிக்கூடம் இருக்குமேக்கா?"

"பரீட்சை நேரம் தம்பி. மத்தியானத்துக்கு மேல வீட்டுக்கு விட்டுறாக."

அவள் வேலைக்கு வந்து இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் அவள் எதிரே நின்று பொய் சொல்லியிருக்கிறார்கள். எங்கே நிறுத்தக் கூடாது, எதற்குத் தண்ணீர் கேட்கக் கூடாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"நீங்க குரலு கேட்டீகல்ல?"

"கேட்டேன்."

"சரிக்கா" என்றான்.

சொன்ன பிறகும் அவன் வைக்கவில்லை. ஜீப் ஓரமாக நின்றபடி இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. பாட்டு முடிய இருபது வினாடி இருந்தபோது, அவளாகத்தான் வைத்தாள்.